கும்பகோணத்துல ஒரு நாள்: எத்தனை மணிக்கு எதை சாப்பிடணும்

கும்பகோணம் போறேன், நல்ல ஹோட்டல் பேரு நாலு சொல்லுன்னு யாராவது கேட்டா நான் மொதல்ல கேக்குறது, எத்தனை மணிக்கு போய் எறங்குறீங்கன்னுதான். ஏன்னா அந்த ஊர்ல வயிறு கோயில் நேரத்தோட ஓடுது. விடியக்காலைல நடை திறக்குறப்பவே காபிக்கடையும் முழிச்சுக்கும், மத்தியானம் பன்னெண்டு பன்னெண்டரைக்கு நடை சாத்துனா வந்தவங்க மொத்தமும் எலைக்கு முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி திறக்குறப்ப டிபன் அடுப்பு பத்திக்கும். இது தெரியாம நான் ஒரு தடவை பதினொன்றரைக்கு போய் பொங்கல் இருக்கான்னு கேட்டு, சர்வர் பதிலே சொல்லாம சுவத்துல இருந்த கடிகாரத்த திரும்பி பாத்தாரு பாருங்க, அதுக்கப்புறம் கேக்கல. எங்க அம்மா பொறந்த ஊரு, லீவுக்கு லீவு போன ஊரு, எனக்கே அப்படி.

சரி, காலையிலேர்ந்து வருவோம். ஆறு ஆறரைக்குள்ள கும்பேஸ்வரர் கோயில் பக்கம் போயிடுங்க. அங்க மங்களாம்பிகா விலாஸ்னு ஒரு பழைய காபி ஹோட்டல், பேரு அந்தக் கோயில் அம்பாள் பேருதான். சாமி கும்பிட்டு வந்து காபியா, காபி குடிச்சுட்டு சாமியான்னு வீட்டுல சண்டை வரும், நான் எப்பவுமே காபிதான் மொதல்ல. பளபளப்பான ஏசி ஹால் எல்லாம் எதிர்பாக்காதீங்க, எடம் கெடைச்ச பெஞ்சுல உக்காருங்க.

இந்த டிகிரி காபி பத்தி கொஞ்சம் சொல்லணும். பாலோட தரத்த லாக்டோமீட்டர் வெச்சு பாப்பாங்களே, அந்த டிகிரிதான்னு சிலர் சொல்லுவாங்க, சிக்கரிதான் வாய்ல பொரண்டு டிகிரி ஆச்சுன்னு சிலர், பில்டர்ல எறங்குற மொத டிகாஷன்ல போட்டாதான் டிகிரின்னு இன்னும் சிலர். எது வேணா இருக்கட்டும், கடைல நின்னு பாத்தா விஷயம் புரிஞ்சிடும். டம்ளர்ல சக்கரை, அது மேல கருப்பா ரெண்டு விரக்கடை டிகாஷன், அதுக்கு மேல அப்பதான் பொங்கி எறங்குன பால், அவ்ளோதான். தூக்கி ஒரே ஒரு ஆத்து ஆத்தி டபராவோட வெப்பாங்க. அதிகமா ஆத்துனா சூடு போயிடும், நுரை மட்டும்தான் நிக்கும். சக்கரை மொதல்லயே விழுந்துடுறதால கம்மி வேணும்னா ஆர்டர் சொல்றப்பவே சொல்லிடுங்க, அப்புறம் சொல்லி புண்ணியமில்ல. ஹைவேல கும்பகோணம் டிகிரி காபின்னு பேரு போட்டு பித்தளை டபராவ வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்களே, அப்படி ஒரு எடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு நான் குடிச்சது வெல்லத்தண்ணி மாதிரி இருந்துச்சு, டபரா மட்டும் பிரமாதம். அத குடிச்சுட்டு கும்பகோணத்த எடை போடாதீங்க.

டிபனுக்கு காந்தி பார்க் பக்கத்துல வெங்கட்ரமணா. எட்டு எட்டரைக்குள்ள போனா எடம் கெடைக்கும், அதுக்கப்புறம் நவக்கிரக டூர் வேன் எல்லாம் ஒண்ணா வந்து எறங்கும், அப்ப நீங்க அடுத்தவங்க நாற்காலிக்கு பின்னாடி நின்னு அவங்க எப்ப கை கழுவ போவாங்கன்னு பாத்துட்டு இருக்கணும். இட்லி, பொங்கல், ரவா தோசைன்னு போகட்டும், ஆனா ரவா தோசைக்கு அவசரப்படுத்தாதீங்க, நிதானமா முறுகுனாத்தான் அது தோசை.

மத்தியானம் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எலை சாப்பாடு, நல்லாவே இருக்கும். பன்னெண்டரைக்குள்ள உக்காந்துடுங்க, ரெண்டு மணிக்கு மேல ரசம் மிச்சம் இருக்கும், கூட்டு இருக்காது. அசைவம் வேணும்னா மகாமக குளத்துப் பக்கம், ஸ்டேஷன் பக்கம் போங்க, பிரியாணிக்கு பஞ்சமில்ல, ஆனா பிரியாணிக்காக கும்பகோணம் போவானேன்.

காலைல நேரம் இருந்தா உப்பிலியப்பன் கோயில் ஒரு எட்டு போயிட்டு வாங்க, ஊர்லேர்ந்து ஆறேழு கிலோமீட்டர்தான். அங்க பெருமாளுக்கு உப்பு போடாமதான் நைவேத்யம். மார்க்கண்டேயர் தன் பொண்ண கேட்டு வந்த பெருமாள்கிட்ட, கொழந்தைக்கு உப்பு போட்டு சமைக்கக்கூட தெரியாதுன்னு சாக்கு சொல்ல, பரவாயில்ல உப்பில்லாமலே சாப்பிட்டுக்குறேன்னு சொன்னாராம். மாமனார் வீட்டுல இப்படி விட்டுக்கொடுத்த மாப்பிள்ளை வேற யாரும் எனக்கு தெரிஞ்சு இல்ல. பிரசாதத்த வாய்ல போட்டுட்டு உப்பு கம்மின்னு மட்டும் சொல்லிடாதீங்க, பக்கத்துல நிக்குறவங்க கதைய முழுசா சொல்லாம விடமாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம், கடப்பா. ஆந்திரா ஊரும் இல்ல, தரைல போடுற கல்லும் இல்ல, தஞ்சாவூர் ஜில்லாக்காரங்க இட்லி தோசைக்கு தொட்டுக்கற ஒண்ணு. குருமான்னு நெனச்சு தொட்டா ஏமாந்துடுவீங்க, சாம்பார்னு நெனச்சாலும் அப்படித்தான். பாசிப்பருப்ப கொழைய வேக வெச்சு, உருளைக்கெழங்க ஒண்ணும் பாதியுமா மசிச்சுப் போட்டு, தேங்கா, பச்ச மொளகா, சோம்பு, பூண்டு, பொட்டுக்கடலை அரைச்சு ஊத்தி, பட்டை லவங்கம் தாளிச்சு, எறக்குனதுக்கு அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிவாங்க. வெளிர் மஞ்சளா இருக்கும், காரம் நாக்குல தெரியாது, தொண்டைலதான் தெரியும். எல்லா கடைலயும் எல்லா நாளும் போட மாட்டாங்க. அதனால உக்காந்து மெனு பாக்குறதுக்கு முன்னாடி, வாசல்லயே "இன்னிக்கு கடப்பா உண்டா"ன்னு கேட்டுட்டு உள்ள போங்க. இல்லன்னு சொன்னா எந்த கடைல இருக்குன்னு அவங்களே கை காட்டுவாங்க, கூச்சப்படாதீங்க. எங்க பாட்டி வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா கடப்பாதான், இட்லிய பிச்சு உள்ள முக்கி ஊற விட்டு, கரண்டியால எடுத்து சாப்பிடுவோம். ஹோட்டல்லயும் நான் அப்படித்தான் சாப்பிடுறேன், பாக்குறவங்க பாக்கட்டும்.

இனிப்புக்கு அசோகா. பாசிப்பருப்புல நெய் விட்டு கிண்டுறது, அல்வா மாதிரி வழுக்கும் ஆனா ஒட்டாது. கும்பகோணத்துலயே கெடைக்கும், தஞ்சாவூருக்கு கார்ல திரும்புறவங்களா இருந்தா திருவையாறு வழியா போய் ஆண்டவர் கடைல சூடா வாங்குங்க, வித்தியாசம் தெரியும்.

இன்னொண்ணு, இந்த நேரக்கணக்கெல்லாம் சாதாரண நாளுக்குத்தான். பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குளத்துல முழுக ஊரே கூடுற மகாமகம் போன தடவை 2016ல, அடுத்தது 2028ல வருது, அந்தக் கூட்டத்துல போறவங்க கைல புளியோதரை கட்டிட்டு போறதுதான் உத்தமம்.

ராத்திரி கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு, கொழுந்து வெத்தல வாங்கிடுங்க. 2025ல புவிசார் குறியீடு கெடைச்ச வெத்தல, காவேரி தண்ணி பாயுற மண்ணுல வெளைஞ்சது, மெல்லிசா இருக்கும், கடிச்சா நார் தட்டாது. காம்பு கிள்ளி, நடு நரம்ப உரிச்சு, சுண்ணாம்பு கம்மியா தடவி போட்டுக்கோங்க. ஊருக்கு எடுத்துட்டு போறதா இருந்தா ஈரத்துணில சுத்தி வெச்சா ரெண்டு நாளைக்கு வாடாது, பிளாஸ்டிக் கவர்ல மட்டும் கட்டி வெச்சுடாதீங்க, வேர்த்து அழுகிடும்.