நடைவண்டி ஓட்டும் குழந்தை: நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

கடையில் ‘வாக்கர்’ என்று கேட்டால் இரண்டு சாமானைக் காட்டுவார்கள். ஒன்று, நடுவில் துணி இருக்கை வைத்து, குழந்தையை உள்ளே இறக்கி உட்கார வைக்கும் வட்ட வண்டி. இன்னொன்று, குழந்தை பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் நடைவண்டி. மரத்தில் மூன்று சக்கரத்தோடு வரும், பிளாஸ்டிக்கில் பாட்டும் லைட்டுமாக நான்கு சக்கரத்தோடும் வரும். முதல் தவறு இந்தத் தேர்விலேயே நடந்துவிடுகிறது. உட்காரும் வாக்கரில் குழந்தை கால்விரல் நுனியால் உந்தி நகர்கிறதே தவிர, தன் உடம்பைத் தானே தாங்கி நிற்கப் பழகுவதில்லை. நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்படிக்கோ போயிருக்கும். கனடாவில் 2004லேயே இதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. யாராவது அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் பரணில் போட்டுவிடுங்கள். தயவுசெய்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது அவசரம். ‘பத்து மாசத்துலேயே எங்க பேரன் நடந்துட்டான்’ என்று மாடி வீட்டுப் பாட்டி சொன்னதும், ஏழு மாதக் குழந்தையைத் தூக்கி நடைவண்டியில் நிறுத்துவார்கள். கட்டிலையோ நாற்காலியையோ பிடித்துத் தானே எழுந்து நிற்கவும், சுவரோரமாகப் பக்கவாட்டில் நாலைந்து அடி வைக்கவும், திரும்ப உட்காரவும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 9 முதல் 12 மாதத்துக்குள் வரும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் டெல்லிக் குழந்தைகளும் இருந்தார்கள். அதன்படி தனியாக நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிகிறது. அதனால் 13 மாதத்தில் நடக்காத குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, ஒரு பக்கக் காலை இழுக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வண்டியை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

அடிபடுவதற்குப் பெரிய காரணம் சக்கரத்தின் வேகம். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சிமெண்ட் தரையோ ரெட் ஆக்சைடு தரையோ இருந்தபோது மரச்சக்கரம் கொஞ்சம் உரசி மெதுவாகப் போகும். இன்று அதே தரைமேல் வழுவழுப்பான டைல்ஸ். நடக்கப் பழகும் குழந்தை தன் எடையைக் கைப்பிடிமேல் சாய்க்கும், வண்டி முன்னால் ஓடும், கால் பின்தங்கும், முகவாய்க்கட்டை தரையில் இடிக்கும். வாங்கி வந்தவுடன் டைல்ஸில் வைத்து ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு முழத்துக்கு மேல் தானாக ஓடினால் அந்த வண்டி குழந்தைக்கு வேகம் அதிகம். சில வண்டிகளில் சக்கரத்தை இறுக்கும் திருகு இருக்கும், அதை இறுக்குங்கள். இல்லாவிட்டால் பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் டியூப் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டிப் பின்சக்கரங்களில் இறுக்கமாக மாட்டுங்கள். தொளதொளவென்று இருந்தால் கழன்று சக்கரத்தில் சிக்கும்.

கூடவே எடையையும் பார்க்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். பிளாஸ்டிக் வண்டி பல சமயம் 2 கிலோகூட இருக்காது. தரையிலிருந்து எழக் குழந்தை கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் வண்டி அப்படியே அதன் மேல் கவிழும். நீங்களே கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். முன்சக்கரம் தூக்கினால் எடை போதவில்லை. இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, வண்டியின் அடிச்சட்டத்தில், முன்சக்கரத்தை ஒட்டிக் கட்டுங்கள். எடை தாழ்வாகவும் முன்னாலும் இருந்தால்தான் பலன். கைப்பிடியில் பையை மாட்டினால் இன்னும் சீக்கிரம் கவிழும். பின்சக்கரம் கைப்பிடிக்கு நேர் கீழோ அதற்குப் பின்னாலோ இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. கைப்பிடி உயரம் குழந்தையின் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், 40 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

காலுக்கு ஒன்றும் வேண்டாம், வெறுங்காலே நல்லது. சாக்ஸ் டைல்ஸில் வழுக்கும். கொலுசில் மணி தொங்கினால் அதையும் கழற்றிவிடுங்கள். கழன்று விழுந்த மணி நேரே வாய்க்குத்தான் போகும்.

நேரமும் இடமும் பார்த்து ஓட்டவிட வேண்டும். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடம் குடமாக உள்ளே கொண்டுவரும் வேளையில் தரையெல்லாம் சொட்டியிருக்கும். அப்போது வண்டியை எடுக்கவே வேண்டாம். பக்கெட், டிரம் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைக்குப் பாதி பக்கெட் தண்ணீரே ஆபத்து. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வாசல் கதவைத் திறந்தால் காரிடார், அதன் முனையில் படிக்கட்டு. தாழ்ப்பாள் போட்ட பிறகே வண்டி. உள்ளே நிலைப்படியில் சக்கரம் தட்டினால் வண்டி நிற்கும், குழந்தை நிற்காது, தலைகுப்புற விழும். அறைக்குள் மட்டும் ஓட்டட்டும்.

பெரியவர்கள் பின்னாலிருந்து அக்குளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நடத்துவது வீண். முன்னால் மண்டியிட்டு, வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கை வைத்து வேகத்தைக் குறையுங்கள். சுவரில் முட்டினால் திருப்பத் தெரியாமல் அழும். வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். விழப்போனால் ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், முழங்கை மூட்டு பிசகும். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். மிச்ச நேரம் தவழட்டும், சுவர் பிடித்து நடக்கட்டும்.

2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடையில் விலை குறைவு என்று எடுத்தாலும் முத்திரையைப் பாருங்கள். பாட்டுப் பெட்டியின் பேட்டரி மூடி திருகு போட்டு மூடியதாக இருக்க வேண்டும். காசிமேடு போலக் கடலையொட்டிய இடங்களில் உப்புக் காற்றில் ஆணியும் அச்சும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்து அச்சை ஆட்டிப் பாருங்கள், திருகை இறுக்குங்கள். துருவேறிய ஆணி தலை நீட்டியிருந்தால் சுத்தியலால் அடித்து அமுக்குவதோடு விடாமல் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் திருகு போடுங்கள்.