மாதிரி விமானத்துக்கு நிறமும் பெயின்ட்டும் தேர்ந்தெடுக்கும் முறை

மாதிரி விமானம் செய்வோரில் பலர் வண்ணம் பூசுவதை வேலையின் கடைசிப் படியாகக் கருதுகிறார்கள். உண்மையில் நிறத்தைப் பற்றிய முடிவை, மாதிரியின் பாகங்கள் வரும் பெட்டியைப் பிரித்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு விமானி அறையின் உட்புறமும் காற்று உள்ளே போகும் வழிகளின் உட்சுவரும் தூரிகைக்கு எட்டாத இடங்களாகிவிடும். மேலும், எந்த நிறம் என்பதும் எந்த வகைப் பெயின்ட் என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு அசல் விமானத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்; இரண்டாவதற்கு நமது கைப்பழக்கத்தையும் வேலை செய்யும் அறையின் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோரின் அலமாரியில்தான் பாதி உலர்ந்த புட்டிகள் வரிசையாக நிற்கும். அப்படி ஓர் அலமாரி என்னிடமும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானம் ஒன்றைக் குறித்து ‘ஸ்பிட்ஃபயருக்கு என்ன நிறம்?’ என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. எந்த ஆண்டில், எந்தப் போர்முனையில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்று கேட்க வேண்டும். 1940-இல் பிரிட்டன் வானில் போரிட்டவற்றின் மேற்புறத்தில் மண்பழுப்பும் கரும்பச்சையும் இருந்தன. அடிப்புறத்துக்கு ‘ஸ்கை’ எனப்படும், பச்சைச் சாயல் கொண்ட வெளிறிய நிறம். 1941 ஆகஸ்டில் பகல்நேரப் போர்விமானங்களுக்கான விதி மாறியது: மண்பழுப்பின் இடத்தை ‘ஓஷன் கிரே’ என்ற சாம்பல் நிறம் பிடித்தது, அடிப்புறம் ‘மீடியம் சீ கிரே’ ஆனது. ஆகவே ஒரே பெட்டியிலிருந்து வெளிவரும் அதே விமானத்துக்கு, ஒட்டப்போகும் டீக்கால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) எந்த மாதத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து வேறு புட்டிகள் தேவைப்படும். டீக்காலை முதலில் தேர்ந்தெடுத்து, நிறத்தை அதற்கேற்ப முடிவு செய்வதுதான் நான் கண்ட குழப்பமில்லாத வழி.

அமெரிக்கப் போர்விமானமான பி-51 மஸ்டாங் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 1944-இன் தொடக்கத்திலிருந்து அமெரிக்கப் போர்விமானங்களில் பெரும்பாலானவை உருமறைப்பு நிறம் இல்லாமல் வெறும் உலோக மேனியோடு வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஸ்டாங்கின் இறக்கையில் காற்று வழுக்கிச் செல்வதற்காகத் தகட்டு இணைப்புகளையும் ஆணித்தலைகளையும் மக்கு வைத்து நிரப்பித் தேய்த்து, அதன் மேல் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தார்கள். எனவே உடற்பகுதிக்கு மினுங்கும் உலோகப் பூச்சும் இறக்கைக்குச் சற்று மந்தமான வெள்ளிப் பூச்சும் கொடுத்தால்தான் மாதிரி சரியாக இருக்கும். முழு விமானத்தையும் ஒரே குரோம் பளபளப்பில் முடித்தவர்களின் உழைப்பைப் பார்க்கும்போது பாராட்டவும் தோன்றும், வருத்தமும் வரும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து நிறத்தை ஊகிக்கும்போது எச்சரிக்கை தேவை. ஆர்த்தோகுரோமேட்டிக் எனப்படும் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பும் மஞ்சளும் கருமையாகப் பதியும், நீலம் வெளிறிவிடும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் அத்தகைய படங்களில் கறுப்பைப் போலத் தெரிவதற்கு அதுவே காரணம்.

நவீன அமெரிக்க விமானங்களுக்கு ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற தர வரிசையின் ஐந்து இலக்க எண்கள் பெரிதும் உதவும். 1956-இல் வெளியான அந்த வரிசையில் முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மேட், அதாவது பளபளப்பற்றது. இரண்டாம் இலக்கம் நிறக் குடும்பம். 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல் என்று போகும். எஃப்-16 விமானத்தின் வழக்கமான மூன்று சாம்பல்கள் 36118, 36270, 36375 ஆகும். மூன்றும் மேட் சாம்பல்கள் என்பது எண்ணைப் பார்த்தாலே விளங்கும். அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கு முன்பு பூசப்பட்ட சாம்பல், 36440 என்றும் 16440 என்றும் இரு விதமாகக் குறிக்கப்படுவதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நிறம் ஒன்றுதான், மேட்டா பளபளப்பா என்பதில் மட்டுமே வேறுபாடு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்களுக்கு ஆர்.எல்.எம். (அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகம்) எண்கள் உண்டு, போரின் நடுப்பகுதியைச் சேர்ந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 செய்பவர் 74, 75, 76 ஆகிய மூன்றையும் தேடி எடுத்தால் அடிப்படை நிறங்கள் கிடைத்துவிடும்.

எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு நிறுவனங்களின் புட்டிகளில் நிறம் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. புட்டி மூடியில் தெரியும் நிறத்தையோ திரையில் தெரியும் நிறத்தையோ வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில், பெயின்ட் பிடிக்க உதவும் முதல் பூச்சான பிரைமரை அடித்து, அதன் மேல் பூசி, முழுமையாக உலரவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறமாகவும் உலர்ந்தபின் வேறாகவும் தெரியும் பெயின்ட்கள் ஏராளம். அந்தக் கரண்டியைப் பகல் வெளிச்சத்திலும், மாதிரியை வைக்கப்போகும் இடத்தின் விளக்கொளியிலும் காட்டிப் பாருங்கள். பகலில் பொருந்திப்போகும் இரண்டு சாம்பல்கள் மஞ்சள் விளக்கின் கீழ் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று ஊதாவாகவும் பிரிந்து தெரிவது உண்டு.

இனி, சரியான நிறத்தை அப்படியே பூசினாலும் மாதிரி கருத்துத் தெரிவதன் காரணத்துக்கு வருவோம். 1:72 அளவு (அசலின் நீளத்தில் 72-இல் ஒரு பங்கு) மாதிரியை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசல் விமானத்தை முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் இடையிலுள்ள காற்று நிறத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைத்துக் காட்டும். எனவே மாதிரி செய்வோர் நிறத்தை வெளிறச் செய்கிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி 1:72-க்கு ஏறத்தாழ 15 விழுக்காடும், 1:48-க்கு 10 விழுக்காடும், 1:32-க்கு 7 விழுக்காடும் வெள்ளை கலக்கலாம். என் அனுபவத்தில் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் கரும்பச்சை சுண்ணாம்பு தடவியதுபோல் ஆகிவிடுகிறது. வெள்ளைக்குப் பதிலாக வெளிர்சாம்பலோ, பச்சைக்கு மணல் நிறமோ கலந்தால் உயிர்ப்புக் கெடாது. சிவப்பில் வெள்ளை கலக்கவே கூடாது, அது இளஞ்சிவப்பாகிவிடும். சிறிது ஆரஞ்சு கலந்தால் போதும். சக்கரத்தின் ரப்பருக்கும் இரவுநேர விமானத்தின் கறுப்புக்கும் புட்டிக் கறுப்பை நேராகப் பூசாமல் கருஞ்சாம்பலைப் பயன்படுத்துங்கள். சுத்தமான கறுப்பைப் பூசிவிட்டால் அதற்கு மேல் நிழலோ அழுக்கோ காட்ட இடமிருக்காது.

பெயின்ட் வகைகளுக்கு வருவோம். எனாமல் மெதுவாக உலரும். அதனாலேயே தூரிகைத் தடம் தானாகப் பரவி மறைந்துவிடும், ஆனால் அடுத்த பூச்சுக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். லாக்கர் மிக மெல்லிய, உறுதியான பூச்சைத் தரும், நிமிடங்களில் உலரும்; அதன் ஆவி கடுமையானது என்பதால் காற்றை வெளியேற்றும் விசிறியும், கரிமக் கரைப்பான்களின் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். அக்ரிலிக் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. வயெஹோ நிறுவனத்தின் பெயின்ட் போன்றவை நீரில் கரைபவை. தூரிகைக்கு இணங்கும், வாடை குறைவு, ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிப்பு குறைவு என்பதால் பிரைமர் கட்டாயம். டமியா நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹாலைச் சார்ந்தது. காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் அருமையாக ஓடும், தூரிகையில் இரண்டாம் முறை தீட்டினால் முதல் பூச்சையே கிளப்பிவிடும். ஒன்றை நீர்க்கச் செய்யும் திரவமான தின்னரை மற்றொன்றில் ஊற்றினால் பெயின்ட் தயிர்போல் திரிந்துபோகலாம். ஆகவே தூரிகை மட்டும் வைத்திருப்பவர் நீர்சார்ந்த அக்ரிலிக்கையோ எனாமலையோ எடுக்கலாம். ஏர்பிரஷ்ஷும் காற்றோட்டமான இடமும் உள்ளவர் லாக்கர் பக்கம் போகலாம். எதை எடுத்தாலும் முதல் நான்கைந்து மாதிரிகளுக்கு அதிலேயே நிலைத்திருங்கள்.

எதன் மேல் எதைப் பூசலாம் என்பதை மறந்தால் பல வார உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். லாக்கர் உலர்ந்த பின் அதன் மேல் அக்ரிலிக்கையோ எனாமலையோ பூசலாம். எனாமலின் மேல் லாக்கரைத் தெளித்தால் அடிப்பூச்சு சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அவசரத்தில் ஒருமுறை அப்படிச் செய்து, இறக்கை முழுவதும் முதலைத் தோலாக மாறியதை நானே பார்த்திருக்கிறேன். சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பிரைமரின் நிறத்தையும் யோசித்து எடுக்க வேண்டும். உருமறைப்பு நிறங்களுக்குச் சாம்பல் பிரைமர் போதும். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் அடியிலுள்ளதை மறைக்கும் வலிமை குறைந்தவை. மஞ்சளுக்கு அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கொடுத்தால் மெல்லிய பூச்சிலேயே நிறம் ஒளிரும், சாம்பலின் மேல் பூசினால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். இந்த நிறங்களை முதலில் அடித்து மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, அடர் நிறங்களை அதன் பிறகு அடிப்பது நல்லது. மினுங்கும் உலோகப் பூச்சுக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பில் ஒரு தூசியோ கீறலோ இருந்தாலும் உலோகப் பூச்சு அதை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும்.

அசல் போர்விமானம் மேட் என்பதற்காக மேட் பெயின்ட் அடித்து அதன் மேல் நேராக டீக்காலை ஒட்டக் கூடாது. மேட் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களால் ஆனது. டீக்காலின் அடியில் காற்று சிக்கி, ஒளிபுகும் ஓரங்கள் வெள்ளிபோல் மினுங்கும். முதலில் நிறமற்ற பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டீக்கால், இறுதியாக மேட் வார்னிஷ் என்பதே சரியான முறை. பயணிகள் விமானங்களுக்கு முடிவுப் பூச்சும் பளபளப்பாகவே இருக்க வேண்டும் என்பதால், அவற்றில் ஒவ்வொரு பூச்சும் தூசியின்றி மெல்லியதாக விழுவது இன்னும் முக்கியம்.

பறக்கும் மாதிரிகளுக்கு வேறு கணக்கு. அங்கே எடைதான் முதல் எதிரி. குறிப்பாக வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குத் தள்ளும். குளோ எனப்படும் சிறிய மாதிரி எஞ்ஜினின் எரிபொருளில் உள்ள மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் சாதாரணப் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால் எரிபொருளைத் தாங்கும் பூச்சு தேவை. தெர்மோகோல் போன்ற நுரைப்பொருளில் செய்த விமானத்தில் லாக்கர் பட்டால் இறக்கையே உருகிவிடும். நீர்சார்ந்த அக்ரிலிக்தான் அதற்குப் பாதுகாப்பு. இறக்கையின் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் நன்கு வேறுபட்ட நிறங்களைக் கொடுங்கள். அழகான சாம்பல் உருமறைப்பு மேகமூட்டமான நாளில் தன் வேலையைச் சரியாகவே செய்து, விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை உங்களிடமிருந்தே மறைத்துவிடும்.

கலந்த நிறத்தை எப்போதும் தேவைக்குச் சற்று அதிகமாகக் கலந்து, எந்தப் புட்டியிலிருந்து எத்தனை சொட்டு என்பதைச் சோதனைக் கரண்டியின் பிடியிலேயே எழுதி வையுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் விட்டாலோ, மாஸ்கிங் டேப் ஓரத்தில் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வந்தாலோ, அதே நிறத்தை மீண்டும் கலக்க அந்தக் கரண்டிதான் வேண்டியிருக்கும்.