புதிய ஆதரவாளர்களைச் சேர்ப்பது எப்படி? சிறு அருங்காட்சியகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஓர் ஆரம்பப் பாடம்

சிறிய அருங்காட்சியகத்திலோ தொண்டு அமைப்பிலோ பொறுப்பேற்றதும் பலர் முதலில் எழுதுவது நன்கொடை வேண்டுகோள்தான். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்களை இன்னும் அறியாத ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய கவனத்தை, அடுத்து அவருடைய உழைப்பை. பணம் அப்புறம்.

படி 1: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

"எங்கள் பணிகளுக்கு உதவுங்கள்" என்றால் படிப்பவர் மனதில் எதுவும் பதியாது. 2015-இல், பல அருங்காட்சியகங்களை நடத்தும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங் அணிந்திருந்த உடையைப் பாதுகாக்க, பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5 லட்சம் டாலர் கேட்டது. சில நாட்களிலேயே அது சேர்ந்தது. கடைசியில் 7 லட்சத்தைத் தாண்டியது. கோடிக்கணக்கான பொருட்களை வைத்திருக்கும் நிறுவனம், முன்னால் வைத்தது ஓர் உடையைத்தான்.

உங்களிடம் இருப்பது பூச்சி அரிக்கும் பழைய கணக்குப் புத்தகமாக இருக்கலாம். போதும். அது யாருடையது, இப்போது அதற்கு என்ன ஆபத்து, காப்பாற்ற என்ன வேண்டும்: இந்த மூன்றையும் சுருக்கமாக எழுதி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு வெளியிடுங்கள். தொண்டு அமைப்பு என்றால் பொருளுக்குப் பதில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லுங்கள்.

படி 2: வந்தவருக்கு வேலை கொடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2013-இல் ஸ்மித்சோனியன், தன்னிடமுள்ள கையெழுத்து நாட்குறிப்புகளையும் ஆய்வுக் குறிப்புகளையும் இணையத்தில் வைத்து, படித்துத் தட்டச்சு செய்து தரும்படி பொதுமக்களை அழைத்தது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். ஒரு பக்கத்தைத் தன் கையால் அடித்து முடித்தவருக்கு அந்த நாட்குறிப்பு தன்னுடையது என்ற உணர்வு வந்துவிடுகிறது.

நீங்களும் அரைமணி நேரத்தில் முடியக்கூடிய வேலையாகக் கொடுங்கள். பழைய புகைப்படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டுவதுகூடப் போதும்.

படி 3: படங்களைத் தாராளமாகப் பகிருங்கள்

உங்களை அறியாதவர்கள் கண்ணிலும் நீங்கள் பட இது ஒரு வழி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2017-இல் தன்னிடமுள்ள கலைப்பொருட்களின் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பகிருமுன் பதிப்புரிமையை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: இப்போது கேளுங்கள், சிறிய தொகையாக

1885-இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதவில்லை. நாளிதழ் உரிமையாளர் ஜோசப் புலிட்சர், எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் பெயரைத் தன் நாளிதழில் அச்சிடுவதாக அறிவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பீடத்துக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. ஆகவே குறைந்தபட்சத் தொகை எதுவும் வைக்காதீர்கள். விருப்பமுள்ளவர்களின் பெயரை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள்.

படி 5: பணம் என்னவானது என்று சொல்லுங்கள்

நன்றிக் கடிதத்திலேயே அடுத்த நன்கொடையைக் கேட்காதீர்கள். சீரமைத்த பக்கத்தின் படத்தை அனுப்புங்கள். யார் எந்த வழியாக வந்தார், என்ன செய்தார் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். இனித் தொடர்பு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அன்றே அவர் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.