கோலாவில் காஃபீன் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் முன் உட்காரும்போது, தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். குப்பியில் எண் எழுத மறப்பது போன்றவை நாளடைவில் தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நுரை அடங்கியதும் வாயு போய்விட்டது என்று நினைப்பது

போயிருக்காது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கோலாவைக் குலுக்கி, நுரை அடங்கியதும் குப்பியில் அடைத்தால், கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு அறைச் சூட்டில் மெல்ல வெளியேறும். குப்பிகளிலிருந்து தானாக மாதிரி எடுக்கும் ஆட்டோசாம்ப்ளரின் ஊசி 10 மைக்ரோலிட்டர் உறிஞ்ச வேண்டும். குமிழி புகுந்தால் அளவு குறையும். கருவியோ 10 என்றே கணக்கிடும்.

ஒரு சித்திரை இரவு நாற்பது குப்பிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். நள்ளிரவில் ஏசி நின்றுபோயிருந்தது. காலையில் பார்த்தால், ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த இரண்டு குப்பிகளில் ஒன்று லிட்டருக்கு 98 மில்லிகிராம், மற்றொன்று 74. இரட்டைக் குப்பி வைத்திருந்ததால் மட்டுமே பிடிபட்டது. நாற்பதையும் முதலிலிருந்து செய்தோம்.

இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுவது இதுதான்: குமிழி புகுந்தால் அளவு குறைவாகத்தான் வரும். சாதாரண கார்பனேற்ற பானத்துக்கு நம் நாட்டு விதி வகுத்த வரம்பு லிட்டருக்கு 145 மில்லிகிராம். அதற்குள் அடங்கிய எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. வரம்பு மீறிய பானமும் அப்படியே தேறிவிடும். அதைக் குடிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு.

பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும். பீக்கரில் ஊற்றி, மீயொலித் தொட்டியில் கால் மணி நேரம் வையுங்கள். ஆறியபின் பைப்பெட்டில் அளந்து நீர்க்கச் செய்யுங்கள். வாயுவோடு அளந்துவிட்டுப் பிறகு நீக்கினால் பயனில்லை. பைப்பெட்டுக்குள்ளேயே குமிழி இடம் பிடித்திருக்கும்.

வடிகட்டாமல் ஏற்றுவது

0.45 மைக்ரான் வடிகட்டி. விலக்கே கிடையாது.

பென்சோயேட்டைக் காஃபீன் என்று எழுதுவது

பதப்படுத்தியாகச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும், காஃபீனை அளக்கும் 273 நானோமீட்டர் அலைநீளத்தில் தெரியும். மாதிரியைக் கருவி வழியே கொண்டுசெல்லும் திரவமான மொபைல் ஃபேஸின் அமிலத்தன்மை மாறினால் பென்சோயேட்டின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) நகரும். காஃபீனின் பீக் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே மொபைல் ஃபேஸைப் புதிதாகத் தயாரித்த ஒவ்வொரு நாளும் பென்சோயேட்டைத் தனியாக ஒருமுறை ஓட்டி, அது வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டர்டைத் தொடக்கத்தில் மட்டும் வைப்பது

ஸ்டாண்டர்ட், அதாவது காஃபீன் அளவு முன்பே தெரிந்த கரைசல், பத்துக் குப்பிக்கு ஒன்று. கடைசியிலும் ஒன்று.