நர்சிங் ஹோம் தேர்ந்தெடுப்பது எப்படி? அமெரிக்காவில் பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு

அம்மாவோ அப்பாவோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கேஸ் மேனேஜர் வந்து ஒரு பட்டியலைக் கொடுத்து, "நாளைக்கு டிஸ்சார்ஜ், எந்த நர்சிங் ஹோம் என்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. (நர்சிங் ஹோம் என்றால் இங்கே நம் ஊர் சின்ன ஆஸ்பத்திரி அல்ல, தாங்களாகச் சமாளிக்க முடியாதவர்களை இரவு பகலாகக் கவனிக்கும் இல்லம்.) அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நானும் என் தங்கையும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்தோமோ அதை வரிசையாக எழுதியிருக்கிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சி. ஆனால் கீழே வருவதில் பெரும்பகுதி மத்திய அரசின் விதிகள், எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்.

பணக் கணக்குக்குள் போகவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரிஜினல் மெடிகேர் (முதியோருக்கு அரசே நேரடியாகத் தரும் மருத்துவக் காப்பீடு) நர்சிங் ஹோமுக்குப் பணம் கொடுக்க, அதற்கு முன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் 'இன்பேஷண்ட்' ஆக, அதாவது முறைப்படி அட்மிட் ஆனவராக, இருந்திருக்க வேண்டும். அட்மிட் செய்யாமல் 'அப்சர்வேஷன்' (கண்காணிப்பு) என்று போட்டிருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வராது. அதே படுக்கை, அதே டாக்டர், ஆனாலும் வராது. இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அப்படியே கிடைத்தாலும் அதிகபட்சம் 100 நாள், அதில் முழுச் செலவையும் அவர்கள் ஏற்பது முதல் 20 நாளுக்குத்தான்.

படி 1: தூரத்தை வைத்து வடிகட்டுங்கள்

வீட்டிலிருந்தோ ஆபீசிலிருந்தோ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடங்களை அடித்துவிடுங்கள். தூரத்தில் எவ்வளவு நல்ல இடம் இருந்தாலும் சரி. நேரம் காலம் இல்லாமல் வந்து நிற்கும் குடும்பம் உள்ளவரைக் கவனிக்கும் விதமே தனி. மனுஷ சுபாவம் அப்படி.

படி 2: நட்சத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்

மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்து நர்சிங் ஹோம்கள் எல்லாம் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரத்தோடு வரும். 2008 கடைசியிலிருந்து இந்த நட்சத்திர முறை இருக்கிறது. பலர் மொத்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் நிறுத்த மாட்டீர்கள்.

முதலில் இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு நட்சத்திர எண்ணிக்கை. அதுதான் அடித்தளம். அடுத்தது ஊழியர்கள்: அதில் ஐந்து வாங்கினால் ஒன்று கூடும், ஒன்றே ஒன்று வாங்கினால் ஒன்று குறையும், நடுவில் எது வாங்கினாலும் மாற்றமில்லை. மூன்றாவதான 'குவாலிட்டி மெஷர்ஸ்' (நோயாளிகளின் உடல்நிலை, கவனிப்பு பற்றிய புள்ளிவிவரம்) பகுதிக்கும் அதே கணக்கு. ஆக, இன்ஸ்பெக்ஷனில் மூன்று, ஊழியர்களில் இரண்டு, குவாலிட்டியில் ஐந்து வாங்கிய இடம் மொத்தத்தில் நான்கு நட்சத்திரத்தோடு நிற்கும். ஆள் போதாத இடம், நான்கு நட்சத்திரம்!

இந்த மூன்றாவது பகுதியை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதில் நிறைய விவரம் அந்த நர்சிங் ஹோமே எழுதி அனுப்புவது. மறதி நோய் உள்ளவர்களை அமைதிப்படுத்த ஆண்டிசைக்காடிக் (மனநோய்க்கான) மருந்து கொடுப்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் நோயாளிக்கு ஸ்கிசோஃப்ரினியா (வழக்கமாக இளம் வயதில் தொடங்கும் மனநோய்) என்று எழுதிவிட்டால் அவர் கணக்கிலிருந்து விலகிவிடுவார். எண்பது வயதில் திடீரென்று ஸ்கிசோஃப்ரினியா! இதைத் தணிக்கை செய்யப் போவதாக 2023 ஜனவரியில் மத்திய அரசே அறிவிக்கும் அளவுக்குப் போனது.

இன்னொன்று. இன்ஸ்பெக்ஷன் நட்சத்திரம் ஒரே மாநிலத்துக்குள் ஒப்பிட்டுக் கொடுப்பது. மாநிலத்தில் மேலே உள்ள பத்து சதவீதத்துக்கு ஐந்து, கீழே உள்ள இருபது சதவீதத்துக்கு ஒன்று. எனவே நியூஜெர்சியின் நான்கும் ஆற்றைத் தாண்டினால் வரும் பென்சில்வேனியாவின் நான்கும் ஒன்றல்ல.

பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கை தெரிந்தால், அங்கே துன்புறுத்தல் தொடர்பாகக் குறை பதிவாகியிருக்கிறது என்று பொருள். நான் அதற்கு மேல் படிக்கவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

படி 3: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

என்னைக் கேட்டால் எல்லா எண்ணிலும் முக்கியமானது இதுதான். இது சம்பளப் பட்டியலிலிருந்து எடுப்பது, வாய்க்கு வந்ததை எழுத முடியாது.

ஊழியர் பகுதியைத் திறந்தால் 'ஒரு நாளுக்கு ஒரு நோயாளிக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம்' என்று இருக்கும். ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ், முழுப் பயிற்சி பெற்ற நர்ஸ்) தனி, நர்ஸ் எய்டு (குளிப்பாட்ட, ஊட்ட உதவும் பணியாளர்) தனி. எதோடு ஒப்பிடுவது? 2024-ல் மத்திய அரசு ஒரு குறைந்தபட்ச அளவை விதியாகக் கொண்டுவந்தது: மொத்தம் 3.48 மணி, அதில் ஆர்.என். 0.55, எய்டு 2.45. 2025-ல் டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். விதி போனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. 2.45 மணி என்பது பெரிய தாராளம் ஒன்றும் இல்லை. 24-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், இரவு பகல் சராசரியாக ஒரு எய்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரைக் குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதற்கும் கீழே உள்ள இடத்தில் எவ்வளவு அன்பானவர்கள் இருந்தாலும் கைதான் இருக்காது.

அதே பக்கத்தில் வார இறுதிக்குத் தனி எண் இருக்கும், பாருங்கள். சனி ஞாயிறில் சரிந்துவிடும் இடங்கள் உண்டு. ஒரு வருடத்தில் எத்தனை சதவீத ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் இருக்கும். பக்கவாதத்தால் பேச்சு குழறும் ஒருவருக்கு, பழகிய முகம் இருப்பதும் மாதத்துக்கு ஒரு புது முகம் வருவதும் ஒன்றா?

படி 4: இன்ஸ்பெக்ஷன் அறிக்கையைப் படிப்பது

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்தப் படி. அறிக்கையின் பெயர் 'ஃபார்ம் 2567'. கேர் கம்பேரிலிருந்தே முழு அறிக்கையைத் திறக்கலாம். முதல் தடவை திறந்தால் வயிற்றைக் கலக்கும். நல்ல பெயர் உள்ள இடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு குறைகள் இருக்கும்.

குறைகளை எண்ணாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஏ முதல் எல் வரை. ஏ, பி, சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டி, இ, எஃப் என்றால் தீங்கு நடக்கவில்லை, நடந்திருக்கலாம். ஜி, எச், ஐ என்றால் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து. ஒவ்வொரு மூன்றிலும் முதல் எழுத்து ஒன்றிரண்டு பேரோடு நின்ற சம்பவம், இரண்டாவது பலருக்கும் நடந்தது, மூன்றாவது கட்டடம் முழுக்கப் பரவியது.

பெரும்பாலான குறைகள் டி, இ, எஃப்பில்தான் விழும். சமையலறையில் தேதி எழுதாத டப்பா இருந்தால்கூட அங்கேதான் வரும். அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ஜி அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். பெயர் இருக்காது, 'ரெசிடெண்ட் 12' என்று இருக்கும். நடந்தது அப்படியே இருக்கும்: குதிகாலில் புண்ணை முதலில் பார்த்த தேதி, டாக்டருக்குச் சொன்ன தேதி, இரண்டுக்கும் நடுவில் யாரும் தொடாமல் போன நாட்கள்.

அடுத்து, குறைக்கு முன்னால் உள்ள எண். எல்லா எண்ணும் தேவையில்லை. 686 படுக்கைப்புண், 689 விழுவது, 600 துன்புறுத்தலும் புறக்கணிப்பும், 725 நர்சிங் ஊழியர் பற்றாக்குறை, 880 தொற்றுக் கட்டுப்பாடு. இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு அறிக்கையிலும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படி வந்தால் அது அந்த இடத்தின் பழக்கம். 'சரிசெய்துவிட்டோம்' என்று எழுதியிருக்கும் திட்டத்தைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம், அதை எழுதுவது நர்சிங் ஹோம்தான். வழக்கமான இன்ஸ்பெக்ஷனோடு, யாரோ புகார் கொடுத்ததால் நடந்த இன்ஸ்பெக்ஷனும் தனியாக இருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது 'ப்ரோபப்ளிகா' என்ற செய்தி நிறுவனம் நடத்தும் 'நர்சிங் ஹோம் இன்ஸ்பெக்ட்' தளம். அரசுத் தளத்தை விட எளிது. அறிக்கைகளுக்குள்ளேயே சொல் போட்டுத் தேடலாம். கூகுள் ரிவ்யூக்களை நான் பார்ப்பதே இல்லை. அதில் பாதி பார்க்கிங் பற்றியது.

படி 5: சொல்லாமல் போங்கள்

அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனால் பியானோ இருக்கும் ஹாலைக் காட்டுவார்கள். ஒரு தடவை அப்படியும் போங்கள், கேள்வி கேட்க ஆள் கிடைக்கும். அப்புறம் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நீங்களாகப் போங்கள்.

வாசலருகே இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அன்றைய ஷிஃப்டில் எத்தனை ஊழியர், எத்தனை நோயாளி என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அது சட்டம். தேதி நேற்றையதா இன்றையதா என்று பாருங்கள். கடைசி இன்ஸ்பெக்ஷன் அறிக்கையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். கேட்டால் முந்தைய மூன்று வருடத்து அறிக்கைகளையும் காட்ட வேண்டும். அந்த ஃபைலைக் கேட்கும்போது ரிசப்ஷனில் இருப்பவரின் முகம் எப்படிப் போகிறது என்பதே பாதி பதில்.

பிறகு காரிடாரில் ஓரமாக நில்லுங்கள். யாராவது பெல்லை அழுத்தியதும் அறைக்கு மேலே விளக்கு எரியும். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பார்க்கச் சொல்லி எல்லோரும் எழுதுவார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்தது. ஓர் இடத்தில் எய்டு வேகமாகத்தான் வந்தார். உள்ளே போய் விளக்கை அணைத்தார், "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பாத்ரூம் போக வேண்டும் என்று கூப்பிட்ட பாட்டி அப்படியே உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்துவிட்டதால் வேறு யாருக்கும் தெரியாது. அவர் மறுபடி அழுத்தும் வரை நின்று பார்த்துவிட்டு அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

சாப்பாட்டு அறையில் ஊட்டிவிட வேண்டியவர்களின் தட்டைப் பாருங்கள், ஆறிப்போய் அப்படியே இருக்கிறதா? படுத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மூத்திர வாடை ஓர் அறையில் அடித்தால் பரவாயில்லை, காரிடார் முழுக்க அடித்தால் திரும்பிவிடலாம். ரூம் ஸ்பிரே வாடை தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

யாரிடமாவது கேட்க முடிந்தால், மேனேஜரை விட எய்டிடம் கேளுங்கள்: "ராத்திரி இந்த விங்கில் எத்தனை பேர் இருப்பீர்கள்?" அவர்கள் மழுப்புவதில்லை.

படி 6: நம் வீட்டுச் சங்கதிகள்

சைவம் என்றால் 'நோ மீட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சிக்கன் ஸ்டாக்கில் செய்த சூப் வந்துவிடும். மீன், முட்டை, ஸ்டாக், ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாக டயட்டீஷியனிடம் எழுத்தில் கொடுங்கள். வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுபோகலாம், ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பதத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணியான ரசம் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் முடியும்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாகப் போய்விட்டது. தங்கை ஓர் அட்டையில் 'வலிக்குது, தண்ணி, பாத்ரூம், குளிருது, போதும்' என்று தமிழ் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். இதற்கு ஒத்துழைப்பார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் பேச ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

படி 7: கையெழுத்துக்கு முன்

பேனாவோடு வருவார்கள். இரண்டு காகிதங்களில் நிறுத்துங்கள். ஒன்று 'ஆர்பிட்ரேஷன்' ஒப்பந்தம்: தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்பது. கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்று சொல்லக் கூடாது. போட்டிருந்தாலும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம். இரண்டாவது 'ரெஸ்பான்சிபிள் பார்ட்டி' என்ற இடம். அம்மாவின் பணத்தைக் கையாள்பவர் என்ற முறையில் அதிலிருந்து கட்டுகிறேன் என்பது சரி. உங்கள் சொந்தப் பணத்துக்கு உத்தரவாதம் கேட்பதை மத்திய விதி தடுக்கிறது. பிள்ளைதானே என்று மடமடவென்று போட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்த கேள்விகளுக்கு)

"எங்கள் பட்டியலில் உள்ள இடம் கேர் கம்பேரில் வரவே இல்லை" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அது அநேகமாக 'அசிஸ்டட் லிவிங்' (அன்றாட வேலைகளுக்கு மட்டும் உதவி கிடைக்கும் முதியோர் குடியிருப்பு). அவை மாநில அரசின் கீழ் வரும், அந்தத் தளத்தில் இருக்காது. மாநில சுகாதாரத் துறையின் தளத்தில் தேடுங்கள்.

அறையில் கேமரா வைக்கலாமா? மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ், இலினாய் போன்ற மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. அறையில் இன்னொருவர் இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும்.

"ஏற்கெனவே சேர்த்துவிட்டோம், இப்போதுதான் அறிக்கையைப் படித்தேன்" என்று எழுதியவருக்கு: கேர் பிளான் மீட்டிங் (கவனிப்புத் திட்டத்தைப் பற்றி ஊழியர்களோடு பேசும் கூட்டம்) ஒன்று கேளுங்கள். அதில் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, தோலைக் கடைசியாக எப்போது முழுதாகப் பரிசோதித்தார்கள் என்ற இரண்டையும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் மாநிலத்தின் லாங் டெர்ம் கேர் ஆம்பட்ஸ்மனைக் (நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் புகார்களைக் கவனிப்பவர்) கூப்பிடுங்கள், இலவசம். யார் என்று தெரியாவிட்டால் எல்டர்கேர் லொக்கேட்டர் என்ற முதியோர் உதவித் தகவல் சேவையில், 1-800-677-1116-ல் சொல்வார்கள். மாற்றுவது என்று முடிவெடுத்தால், புது இடத்தில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இங்குள்ள சோஷியல் வொர்க்கரிடம் ஃபைலை அங்கே அனுப்பச் சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.