மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை எதிரொலியால் அளக்கும் கருவி: வீட்டிலேயே அமைக்கும் முறை

மின்னணுக் கருவிகளைப் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கத் தொடங்கும் பலரும் மாடித் தொட்டியின் நீர்மட்டங்காட்டியில்தான் கை வைக்கிறார்கள். தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவர் வழியாக வழிந்து, பக்கத்து வீட்டார் குரல் கொடுத்த பிறகே மோட்டாரை நிறுத்தும் வீடுகளில் அதன் தேவையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிரலைக் கணினியில் ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம். உண்மையான வேலையெல்லாம் மொட்டைமாடியில், அந்தத் தொட்டியின் மூடியில்தான் இருக்கிறது.

பழைய வழி எளிமையானது. தொட்டிக்குள் வெவ்வேறு உயரங்களில் செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரையும் எல்.இ.டி. விளக்கையும் இணைத்தால் போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கைந்து மாதங்களில் நேர்மின் கம்பி பச்சை படிந்து ஊசிபோல் மெலிந்துவிட்டது. நேர்மின்னோட்டம் நீரின் வழியே தொடர்ந்து பாயும்போது செம்பு கரைந்து நீரில் கலக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இது இன்னும் விரைவாக நடக்கும். குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீரில் அதை விடுவதற்கு மனம் ஒப்பாததால், நீரைத் தொடாமலே, காதுக்குக் கேட்காத மீயொலியால் அளக்கும் முறைக்கு மாறினேன்.

இம்முறையில் உணரி (சென்சார்) மேலிருந்து ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குப் போக வர ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி ஆகும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இரண்டு கண்கள் போன்ற எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரியை வாங்க வேண்டாம்; தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் அது நீடிக்காது. கம்பியின் முனையில் நீர்புகா உணரியும் மறுமுனையில் தனிப் பலகையும் கொண்ட ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி என்ற வகையையே கேட்டு வாங்க வேண்டும். நிரலை இயக்கும், வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.8266 சில்லு கொண்ட நோட்எம்.சி.யு. பலகைகள் இரண்டு (ஒன்று மாடிக்கு, ஒன்று வீட்டுக்குள்), ஒரு மிதவை ஸ்விட்ச், 12 வோல்ட் அடாப்டர், மின்னழுத்தம் குறைக்கும் பக் மாட்யூல் ஒன்று, மழை புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று ஆகியவையும் தேவை. சென்னையில் இருப்பவர்களுக்கு இவையெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

மூடியில் துளை போடுவதற்கு முன் ஓர் அளவை எடுத்தாக வேண்டும். இந்த உணரியால் தன் முகத்திலிருந்து சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை உள்ள எதையும் பார்க்க இயலாது. நீர் அதற்குள் ஏறிவிட்டால் அளவு ஓர் எண்ணிலேயே நின்றுவிடும் அல்லது தாறுமாறாகக் குதிக்கும். மூடியின் அடிப்பகுதிக்கும், நிரம்பிய நீர் வெளியேறும் வழிகுழாய்க்கும் இடையே அவ்வளவு இடைவெளி பெரும்பாலான தொட்டிகளில் இருப்பதில்லை. மூடியின் மேல் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி உணரியை உயர்த்தலாம் என்று சிலர் முயல்கிறார்கள். குழாயின் விளிம்பிலிருந்தே எதிரொலி திரும்பி வந்து ஏமாற்றுவதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. வழிகுழாய்க்கு இரண்டு விரற்கடை கீழே மிதவை ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தி, ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தியை மட்டும் அதனிடம் விட்டுவிடுவதே நல்லது. மற்ற மட்டங்களை மீயொலி உணரி பார்த்துக்கொள்ளும்.

உணரியின் ஒலிக்கற்றை அகலமானது. ஆகையால், சுவரிலிருந்தும், தண்ணீர் விழும் குழாயிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி, முகம் நேர் கீழே பார்க்கும்படி துளையிட வேண்டும். துளையைச் சுற்றிப் பூசும் சிலிக்கான் பசையில் ஒரு கவனம் தேவை: காயும்போது காடி வாசனை வரும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் கம்பி அடிப்பக்கத்திலிருந்தே நுழைய வேண்டும். நுழையும் முன் கம்பியைத் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

உணரியுடன் வரும் கம்பியை நீட்டக் கூடாது. திரும்பி வரும் சைகை மிக நலிந்தது என்பதால், இடையில் ஒட்டுப்போட்டால் இரைச்சல் புகுந்துவிடும். எனவே உணரியின் பலகையையும் ஒரு நோட்எம்.சி.யு.வையும் தொட்டியருகே வைத்து, மின்சாரத்தை மட்டும் கீழிருந்து கொண்டு செல்ல வேண்டும். அதையும் 5 வோல்ட்டாக அனுப்பினால் சிக்கல்தான். 0.2 சதுர மி.மீ. கம்பியில் 20 மீட்டர் தொலைவு என்றால், வைஃபை இயங்கும் கணங்களில் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே விழுந்து, பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். 12 வோல்ட்டாக அனுப்பி, மேலே பக் மாட்யூல் வழியாக 5 வோல்ட்டாகக் குறைக்கலாம். மாட்யூலின் திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருவதைப் பார்த்த பிறகே பலகையை இணைக்க வேண்டும். எதிரொலி நேரத்தைத் தெரிவிக்கும், உணரிப் பலகையின் எக்கோ முனை 5 வோல்ட் தரும், நோட்எம்.சி.யு.வின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோ முனையிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடையும், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் மின்தடையும் போட்டு, இரண்டும் சேரும் புள்ளியைப் பலகைக்குக் கொடுத்தால் அளவு சரியாகிவிடும்.

நிரலை ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுதலாம். ஒரே ஓர் அளவை நம்பக் கூடாது. முந்தைய எதிரொலி அடங்குவதற்காக 60 மில்லி நொடி இடைவெளி விட்டு ஏழு அளவுகள் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை மட்டும் கொள்ள வேண்டும். சராசரி எடுத்தால் ஒரே ஒரு தவறான எதிரொலி மொத்தத்தையும் கெடுத்துவிடும். விடியற்காலையில் உணரியின் முகத்தில் நீர்த்துளி தேங்கி மட்டம் திடீரென்று ஏறியதாகக் காட்டுவதும் உண்டு. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது சுமார் 7.85 லிட்டர், நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் மோட்டாரும் ஆறேழு செ.மீ.க்கு மேல் உயர்த்த முடியாது. ஒரு நிமிடத்தில் 10 செ.மீ.க்கு மேல் தாவும் எண்ணை நிரல் ஒதுக்கிவிட்டு, அது ஐந்து நிமிடம் தொடர்ந்து வந்தால் மட்டும் ஏற்கட்டும்.

கீழே காட்டுவதற்குக் கைப்பேசிச் செயலியை நான் விரும்பவில்லை. இரண்டாவது நோட்எம்.சி.யு.வைச் சமையலறை ஸ்விட்ச் போர்டு அருகே வைத்து, இ.எஸ்.பி.-நவ் முறையில் இரண்டையும் நேரடியாகப் பேசவிட்டால் ரவுட்டர் அணைந்திருந்தாலும் வேலை நடக்கும். பத்து எல்.இ.டி.க்களும் ஒரு பஸ்ஸரும் போதும். அடுப்பருகே நிற்பவர் தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கான்கிரீட் தளம் சைகையை வெகுவாகக் குறைப்பதால், மேல் பெட்டியை மாடிப்படிப் பக்கமாக வைப்பது உதவும்.

மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் ஆசை இந்த இடத்தில் கட்டாயம் வரும். மின்சைகையால் இயங்கும் ஸ்விட்சான சிறிய 10 ஆம்பியர் ரிலேயில் மோட்டாரை நேரடியாக இணைக்காதீர்கள். புறப்படும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு என்பதால், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. அதற்கு மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரும், கிணறு வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பும், 230 வோல்ட் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனும் வேண்டும்.

பொருத்திய பிறகு ஒரு வாரம், அளவுகோல்போல் கோடுகள் போட்ட பி.வி.சி. குழாயைத் தொட்டிக்குள் விட்டு, கருவி காட்டுவதோடு ஒப்பிட்டுக் குறித்து வாருங்கள். வேறுபாடு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் உணரியின் உயரத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணை மாற்றினால் போதும். தொட்டி காலியாகக் காலியாக வேறுபாடு கூடினால் ஒலியின் வேகமே காரணம்: 20 பாகை வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டராக இருப்பது, வெயிலில் காய்ந்த தொட்டிக்குள் 40 பாகையில் 355 மீட்டராகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இது 3 செ.மீ.க்குச் சற்று மேல், அதாவது ஒன்றரை வாளித் தண்ணீர். இதற்காகத் தனி வெப்ப உணரி வாங்குவதைவிட, நிரலில் வேகத்தை 350 என்று எழுதிவிடுவதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.