ஓபெத் கேட்கத் தொடங்குவோர் விடும் பிழைகள்

சுவீடனைச் சேர்ந்த மெற்றல் இசைக்குழுவான ஓபெத், 1995 முதல் 2024 வரை 14 ஸ்டூடியோ அல்பங்கள் வெளியிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று ஆசையாய் இறங்குகிறவர்களில் பலர் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். வெளிவந்த வரிசையில் கேட்பதுதான் முதற்பிழை. ‘மோர்னிங்ரைஸ்’ (1996) அல்பத்தில் ஐந்தே பாட்டுகள். அதில் ஒன்று 20 நிமிடத்துக்கும் மேல். பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வந்து காதில் நிற்கும் பகுதியும் அரிது.

உறுமல் குரல் (தொண்டையால் உறுமுவதுபோலப் பாடுவது) ஒத்துவராதவர்கள் ‘டம்னேஷன்’ (2003) கேளுங்கள். 43 நிமிடம், உறுமலே கிடையாது. அடுத்தது ‘பிளக்வோட்டர் பார்க்’ (2001). அதிலுள்ள ‘த ட்ரேப்பரி ஃபோல்ஸ்’ பாட்டில் தெளிவான குரல் முதலில் வரும், உறுமல் பிறகுதான் நுழையும். மெட்டு மனதில் பதிந்தபின் வருவதால் உறுமல் உறுத்தாது. மூன்றாவது ‘கோஸ்ட் ரெவரீஸ்’ (2005), பிறகு ‘ஸ்டில் லைஃப்’ (1999). கிழமைக்கு ஒரு அல்பம் போதும். ஒவ்வொன்றையும் மூன்று தரமாவது முழுதாகக் கேளுங்கள். ‘டம்னேஷன்’ பிடித்துப்போய் அதோடு நின்றுவிடவும் கூடாது. அதே காலத்தில் பதிவான ‘டெலிவரன்ஸ்’ (2002) அதன் முரட்டுப் பாதி.

புது அல்பத்தைப் பஸ்ஸில் தொடங்குவது அடுத்த பிழை. கிளிநொச்சியிலிருந்து வவுனியா போய்ச்சேர ஒரு அல்பம் முடியும்தான். ஆனால் எஞ்சின் இரைச்சலிலும் பஸ் ஸ்பீக்கரில் போகும் சினிமாப் பாட்டிலும் மெல்லிய கிற்றார் அமுங்கிவிடும், கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். ‘கோஸ்ட் ரெவரீஸ்’ அல்பத்தின் முதற்பாட்டான ‘கோஸ்ட் ஒஃப் பெர்டிஷன்’ தொடங்குவது சில வினாடி மெல்லிய கிற்றாரோடு. உடனே ட்ரம்ஸும் உறுமலும் ஒன்றாக வெடிக்கும். சத்தத்தை எப்போதும் பலத்த பகுதிக்கு அளவாக வையுங்கள். பஸ்ஸுக்குப் பழகிய அல்பம், புதியதற்கு இரவில் வீடும் ஹெட்போனும். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிற்றார் அநேகமாகக் கேட்கவே கேட்காது.

செயலியில் ஷஃபிளை நிறுத்துங்கள், கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதி) பூச்சியத்தில் வையுங்கள். ‘மை ஆம்ஸ், யுவர் ஹேர்ஸ்’ (1998) ஒரே கதை. ஒரு பாட்டின் வரிகள் அடுத்த பாட்டின் தலைப்பில் போய் முடியும். கலைத்துப் போட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

சிக்னல் ஏறி இறங்கும் ஊரென்றால் ஒலித் தரத்தை ‘ஓட்டோ’வில் (தானாக மாறும் அமைப்பில்) விடாதீர்கள். வேகம் குறைந்ததும் தரமும் விழும், ட்ரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டுகளின் ஓசை தண்ணீரில் நனைந்ததுபோல் கரகரக்கும். வைஃபை கிடைக்கும்போது 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் இறக்கி வையுங்கள். நிமிடத்துக்கு 2.4 எம்பி, 67 நிமிட ‘பிளக்வோட்டர் பார்க்’ கிட்டத்தட்ட 160 எம்பி.

2011க்குப் பிறகு மெற்றலே இல்லை என்று கேள்விப்பட்டு, அடுத்து வந்தவற்றை ஒதுக்குவதுதான் பெரிய இழப்பு. ‘ஹெரிட்டேஜ்’ (2011) தொடங்கி ‘இன் கௌடா வெனெனம்’ (2019) வரையான நான்கிலும் உறுமல் இல்லை, எழுபதுகளின் புரோக்ரெசிவ் றொக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள றொக் இசை) வாசம் தூக்கலாக இருக்கும். இவற்றுள் ‘பேல் கொம்யூனியன்’ (2014) முதலில். மெட்டுகள் வடிவானவை, சுலபமாகப் பிடிபடும். ‘ஹெரிட்டேஜ்’ அதற்குப் பிறகு. 2019 அல்பம் சுவீடிஷிலும் ஆங்கிலத்திலும் உண்டு. சுவீடிஷ் பதிப்பையே கேளுங்கள், முதலில் எழுதப்பட்டது அதுதான். உறுமல் திரும்பி வரும் 2024 அல்பத்தை இந்த நான்குக்கும் பிறகு வையுங்கள். முதல் அல்பமான ‘ஓர்கிட்’டும் (1995) ‘மோர்னிங்ரைஸ்’ஸும் கடைசியில்.